கரி படியாத கணப்பு

மனிதன் மனிதனானது நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த அன்றைக்குத்தான். ஒரு குடும்பத்தின் தரத்தை அறிய அதன் வாசலையோ பூஜையறையையோ பார்த்துப் பயனில்லை, அது எந்த நெருப்பைச் சுற்றி உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். ஏலக்காய் வியாபாரி சண்முகராஜ் இந்தக் கருத்தைப் போடி பஜாரிலும், தேனி வர்த்தகர் கூட்டங்களிலும், ஒருமுறை ஒரு துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறார். சும்மா சொல்லவில்லை. தேனியில் அவர் கட்டிய வீட்டின் ஹாலில், செங்கல் முகப்பும் மேலே கருங்கல் பலகையுமாக, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு கணப்பு இருந்தது. அதற்குள் இன்வர்ட்டர் இருந்தது.

இன்வர்ட்டர் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீரும், தண்ணீருக்குள் ஒரு பித்தளை ஆமையும் இருந்தன. வீடு முடிந்த சமயத்தில் வந்த வாஸ்துக்காரர், அக்னி மூலையில் சமையலறை இருக்கும்போது வடக்குச் சுவரில் இன்னொரு அக்னியா என்று தலையில் கைவைத்து, பரிகாரமாக வைக்கச் சொன்னது அது. ஆகவே நெருப்புக்காகக் கட்டிய இடத்தில் கட்டிய நாளிலிருந்து இருந்தது தண்ணீரும் மின்சாரமும்தான். நெருப்பு இல்லை. தேனியில் மார்கழி விடியற்காலைக்கே காதை மறைத்து ஒரு துண்டு கட்டினால் போதும். மற்ற மாதங்களில் துண்டு வேர்வை துடைக்கத்தான்.

கணப்பு வந்த கதை சின்னது. மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் சண்முகராஜ் ஒரே ஒரு ராத்திரி விருந்தாளியாகத் தங்கினார். வெளியே மூடுபனி, உள்ளே கட்டை எரிகிறது, கையில் ஒரு கண்ணாடி டம்ளர். தன் வாழ்க்கையில் இத்தனை நாள் எது குறைந்திருந்தது என்பது அவருக்கு அங்கே விளங்கிவிட்டது. மறுநாள் சின்னமனூருக்கு இறங்கி, வெயில் தாங்காமல் கரும்புச்சாறு குடித்துக்கொண்டே மேஸ்திரிக்குப் போன் போட்டார். அந்த மேஸ்திரி அதுவரை கட்டியதெல்லாம் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர்கள்தான். முதலாளி கேட்கிறார், கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சண்முகராஜின் மனைவி முத்துமாரியம்மாள் அதை அடுப்பு என்றாள். "அந்த அடுப்புக்குள்ள என் செருப்பு கெடக்கா பாருங்க" என்பாள். ஃபயர் பிளேஸ் என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்து அவர் ஓய்ந்துவிட்டார்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பெருமைதான். கெடுதல் ஆரம்பித்தது மகள் ஓவியாவின் கல்யாணப் பேச்சில்.

ஓவியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் வினோத்ராஜைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள், அம்மா அப்பாவிடம் சொன்னாள், அப்பா மோட்டுவளையைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். தகராறு பையன் வீட்டில். பையனின் அப்பா குன்னூரில் தேயிலை எஸ்டேட் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் பி. முத்து. எல்லாரும் முத்து சார் என்பார்கள். பஜாரில் மூட்டை நிறுத்துகிற வீட்டின் பழக்கவழக்கமும் எங்கள் வீட்டுப் பழக்கவழக்கமும் ஒத்துவராது என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஓவியா போனில் அழுத அழுகையில் முத்துமாரியம்மாள் சாப்பிடவில்லை. சண்முகராஜ் சாப்பிட்டார், ஆனால் இறங்கவில்லை.

அப்போதுதான் அவர் அந்தப் படத்தை அனுப்பினார். இன்வர்ட்டரை வெளியே இழுத்துப் போட்டு, உள்ளே நான்கு கட்டைகளை அடுக்கி, கட்டைகளுக்கு நடுவே ஒரு பல்பை வைத்து, பல்புக்குக் காவி நிறத்தில் காற்றாடிக் காகிதம் சுற்றி, முன்னால் பிரம்பு நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்து எடுத்த படம். எடுத்தது நல்ல மத்தியானத்தில். சால்வைக்குள் பனியன் நனைந்திருந்தது. படத்துக்கு அடியில், தினமும் சாயங்காலம் குடும்பத்தோடு இங்கேதான், என்று ஒரு வரி எழுதினார். அந்த வரியை எழுதியிருக்க வேண்டாம்.

படம் வேலை செய்தது. முத்து சார் மனம் மாறினார். இவர்கள் நம் மாதிரி ஆட்கள்தான் என்று வீட்டில் சொன்னாராம். பிறகு அவரே போன் செய்தார். கார்த்திகை பிறந்ததும் குடும்பத்தோடு பெண் பார்க்க வருகிறோம், மழை நேரம், உங்கள் ஃபயர் பிளேஸ் முன்னால் உட்கார்ந்தே பேசி முடிப்போம் என்றார். சண்முகராஜுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்து அவர் கேட்டதில் அந்த நெஞ்சு நின்றது.

"சீசனுக்கு முன்னாடி சிம்னி கிளீன் பண்ணியாச்சா மிஸ்டர் சண்முகராஜ்? அதுல மட்டும் நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஒரு வீட்டு சிம்னியப் பாத்தா அந்த வீட்டையே சொல்லிடுவேன்."

"பண்ணிட்டே இருக்கோம் சார்" என்றார் சண்முகராஜ்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. பிரஷர் மாத்திரையைப் போட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொன்று போடுவதும், பிறகு இரண்டு போட்டுவிட்டோமே என்று பயந்து உட்கார்ந்திருப்பதுமாகப் பொழுது போனது. ஓவியா போனில் ஒரே பிடியாக நின்றாள்.

"அப்பா, உண்மையச் சொல்லிருங்க. இன்வர்ட்டர் வைக்கிற எடம்னு சொல்லுங்க. சிரிச்சிட்டுப் போயிருவாக."

"சிரிச்சிட்டு எங்கத்தா போவாக? குன்னூருக்குத்தான் போவாக. அப்பறம் வருவாகளா?"

"நீங்க பண்ணி வச்சதுதானப்பா" என்றாள். "இது போச்சுன்னா எனக்கு வேற வேண்டாம். சொல்லிட்டேன்." வைத்துவிட்டாள்.

போடிமெட்டில் அவருடைய ஏலக்காய் ஸ்டோரில் நெருப்புப் பார்க்கிற ராக்கையாவை வரவழைத்தார். ஸ்டோர் என்பது சாமானியமான இடமில்லை. நெருப்பு வெளியே எரியும். அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடி, தட்டுத்தட்டாகப் பரப்பிய பச்சைக் காயை உலர்த்தி, புகை மறுபக்கம் வெளியே போய்விடும். கதவு, சன்னல், பொந்து எல்லாவற்றையும் சாக்கு வைத்து அடைத்துவிடுவார்கள். ஒரு பொட்டுப் புகை உள்ளே வந்தாலும் காயின் பச்சை போகும், வாசம் போகும், பிறகு ஏலத்தில் எவனும் கையை நீட்டமாட்டான். இந்த வித்தையில் தனக்கு மேல் ஆளில்லை என்பது ராக்கையாவின் எண்ணம். அதை அவர் மறைத்து வைக்கும் வழக்கமும் இல்லை. கேரளத்து எஸ்டேட்காரர்களே தன்னைக் கேட்டுத்தான் தீ மூட்டுகிறார்கள் என்று தேனிக்கு வரும் பஸ்ஸிலேயே பக்கத்து ஆளிடம் சொல்லியிருந்தார்.

கணப்பை அவர் சுற்றிவந்து பார்த்தார். முகப்புச் செங்கல்லைத் தட்டினார். "இது ஸ்டோரோட தம்பி மொதலாளி. என்கிட்ட விட்டுருங்க."

இன்வர்ட்டர் மாடிப்படிக்கு அடியில் போனது. வயர் எட்டாததால் இணைப்புக் கொடுக்க முடியவில்லை. ஆமை பூஜையறைக்குப் போனது. ராக்கையா தலையை உள்ளே விட்டு மேலே டார்ச் அடித்தார். வானம் தெரியவில்லை. மொட்டைமாடிக்குப் போய் மேலிருந்து அடித்தார். தரை தெரியவில்லை. ஒரு சங்கிலியில் கல்லைக் கட்டி, கல்லுக்கு மேல் சாக்கைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி இறக்கினார். பாதியில் டொக்கென்று நின்றது. இழுத்து இழுத்துக் குத்தியதில் முதலில் ஒரு புறாக்கூடு வந்தது. பிறகு புறா வந்தது. பிறகு, சண்முகராஜ் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மேஸ்திரி கட்டும்போது முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகைகள் மூன்றும் ஆணியோடு வந்தன. அவர் விலகிக்கொண்டார் என்பதை முத்துமாரியம்மாள் பிறகு குலதெய்வத்தின் கணக்கில் சேர்த்தாள். யாரும் எரிக்காததால் பலகையைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கழுவித் துடைத்தார்கள். சிலந்தி வலை போனது, புறா எச்சம் போனது. கணப்பு பளிச்சென்று நின்றது. சண்முகராஜ் நிம்மதியாக ஒரு காப்பி கேட்டார். காப்பியைக் கொண்டுவந்து கொடுத்த முத்துமாரியம்மாள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"ஏங்க, தெனமும் எரிக்கிறோம்னு எழுதுனீகளே. உள்ள கல்யாண மண்டபம் கணக்கா வெள்ளையா இருக்கே."

சண்முகராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். உண்மைதான். பெயின்ட் அடித்தவன் கணப்பின் உள்சுவரையும் சேர்த்துத் தந்த நிறத்தில் இரண்டு கோட் அடித்திருந்தான். ஒரு துளி கரி கிடையாது. ஒரு வீட்டு சிம்னியைப் பார்த்தே அந்த வீட்டைச் சொல்லிவிடுகிற மனிதர் வந்து, குனிந்து, இதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்பதைச் சண்முகராஜ் நான்கைந்து குரல்களில் தனக்குள் கேட்டுப் பார்த்தார். எல்லாக் குரலிலும் கடைசி வார்த்தை பஜார் என்பதாக இருந்தது.

ஆக, சுத்தம் செய்து முடித்த கணப்பை அழுக்காக்கும் வேலை தொடங்கியது.

சுத்தம் செய்வதைவிட அது கஷ்டம். ராக்கையா மறுபடி போடிமெட்டுக்குப் போய், ஸ்டோர்க் குழாய்களைத் தட்டி ஒரு சாக்குக் கரியோடு வந்தார். அல்லிநகரத்தில் விறகு அடுப்பு வைத்திருக்கும் ஒரு பரோட்டாக் கடையில் இரண்டு வாளிச் சாம்பல் வாங்கினார்கள். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்குச் சண்முகராஜ் ரோஜாச் செடிக்கு என்றார். கரி பெயின்ட்டில் ஒட்டவில்லை. தடவினால் உதிர்ந்தது. ராக்கையா யோசித்து, அந்தக் காலத்துக் கட்டடமெல்லாம் எதில் நிற்கிறது என்று தானே கேட்டுத் தானே பதில் சொன்னார்: வெல்லத்தில். ஆகவே முத்துமாரியம்மாள் ஒரு பானை அரிசிக் கஞ்சி காய்ச்ச வேண்டியதாயிற்று. அதில் இரண்டு அச்சு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, கரியைக் கொட்டிக் கிண்டினார்கள்.

"பொண்ணு பாக்க வர்றாகன்னா ஊர்ல எல்லாம் வெள்ளையடிப்பாக" என்றாள் முத்துமாரியம்மாள், கிண்டிக்கொண்டே. "என் தலையெழுத்து, கரி காய்ச்சிக்கிட்டு இருக்கேன்."

ராக்கையா பூசினார். சண்முகராஜ் தள்ளி நின்று, சோதனைக்கு வந்த அதிகாரியைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்து, இடது மூலையில் இன்னும் கொஞ்சம் பழையதாக இருக்கட்டும் என்று சொன்னார். தரையில் பேட்டரி நின்ற இடத்தில் கடப்பாக் கல் வெளுத்துத் திட்டாகப் போயிருந்தது. அதன் மேல் பரோட்டாக் கடைச் சாம்பலைப் பரப்பி மூடினார்கள். பூசியது உதிர்ந்துவிடக்கூடாது என்பதால் கட்டை வைத்து எரித்துப் பார்க்கவில்லை. ஹால் கதவெல்லாம் திறந்திருக்க, ஒரு கட்டிக் கற்பூரத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். சுடர் சமத்தாக மேல்நோக்கி நின்றது. ராக்கையா கையைக் கட்டிக்கொண்டு முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கும் முதல்தடவையாக அன்று கொஞ்சம் தூக்கம் வந்தது.

அவர்கள் வருகிற நாளன்று காலையில் ஓவியாதான் எறும்பைப் பார்த்தாள். முந்தின நாள் பெங்களூரிலிருந்து வந்திருந்தவள், தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, கணப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தரையிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, கரிச் சுவரில் ஏறி, புகைபோக்கிக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து இன்னொரு வரிசை இறங்கிக்கொண்டிருந்தது. வருகிறதும் போகிறதும் வழியில் நின்று தலையை முட்டிப் பேசிக்கொண்டன.

"தெனமும் தீ எரியுற எடத்துல எறும்பு குடித்தனம் பண்ணுதுப்பா" என்றாள். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

எறும்பு மருந்து தூவலாமா என்று பார்த்தார். வெள்ளைப் பொடி கரியில் எடுப்பாகத் தெரியும். துடைத்தால் கரி போகும். துடைக்காவிட்டால் எறும்பு தெரியும். ராக்கையா, வேட்டி சட்டையெல்லாம் வெள்ளையாக உடுத்து, வீட்டில் ஒருத்தர் என்கிற தோரணையில் நின்றவர், முடிவு சொன்னார்: அவர்கள் குனிந்து பார்ப்பதற்கு முன்னால் மூட்டிவிட வேண்டியதுதான். நெருப்புக்கு எந்த எறும்பும் நிற்காது. வந்து உட்காரும்போதே எரிந்துகொண்டிருந்தால் அது மரியாதையும்கூட.

குன்னூர்க் கார் வாசலில் திரும்பும்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முத்து சார் கோட்டுப் போட்டிருந்தார். அவருடைய வீட்டம்மா பட்டுப் புடவையின் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். தேனிக்கு அது அதிகம் என்று வழியிலேயே தெரிந்திருக்கும், ஆனால் கழற்றினால் குன்னூர் போய்விடும். வினோத்ராஜ் ஓவியாவைத் தேடிக்கொண்டே வாசற்படியில் தடுக்கினான்.

உள்ளே ராக்கையா ஏற்பாட்டை முடித்திருந்தார். ஸ்டோரில் காய் போட்டதும் செய்வதை அப்படியே செய்தார். சன்னல்களைக் கொக்கி போட்டு அடைத்தார். மேலே காற்றுப் போகும் ஓட்டைகளில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினார். விருந்தாளிகள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் வாசல் கதவைச் சாத்தி, அடியில் நனைத்த சாக்கை வைத்துக் காலால் தள்ளி இறுக்கினார். சண்முகராஜுக்கும் அது கொஞ்சமும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நெருப்பு என்று ஒன்று இருந்தால் அறையை அடைக்க வேண்டும் என்பதில் அவருக்கும் சந்தேகமே வந்தது கிடையாது. அந்த மேற்குச் சன்னலையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். சமையலறையில் மட்டும் முத்துமாரியம்மாள் வடைச் சட்டியை வைத்துவிட்டு, எண்ணெய்ப் புகை ஹாலுக்கு வரக்கூடாது என்று, புகையை வெளியே இழுத்துத் தள்ளும் ஃபேனை முழு வேகத்தில் போட்டிருந்தாள்.

கட்டை பிடித்தது. ஒரு கணம் எல்லாம் மேகமலைதான். முத்து சார் கால்மேல் கால் போட்டு, உள்ளங்கைகளை நெருப்பை நோக்கி நீட்டி, "லவ்லி" என்றார். சண்முகராஜும் கைகளை நீட்டினார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

முதலில் ஒரு நூல் புகை முகப்புக்கு வெளியே வந்து கருங்கல் பலகையை நக்கியது. சண்முகராஜ் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு ஒரு பட்டை வந்தது. கூடவே ஒரு வாசனை வந்தது: கஞ்சியும் வெல்லமும் சூட்டில் தீய்கிற வாசனை. முத்து சாரின் வீட்டம்மா மூக்கை உறிஞ்சி, சமையலறைப் பக்கம் திரும்பி, பொங்கல் அடிப்பிடிக்கிறது போலிருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார். அது எங்கள் விறகோட வாசம் என்று சண்முகராஜ் சொன்னார். அப்போது எறும்புகள் வெளியேறத் தொடங்கின. கணப்பின் வாயிலிருந்து கம்பளத்தில் இறங்கி, விருந்தாளிகள் இருக்கும் திசையில், ஒழுங்காக, அவசரமாக வந்தன. முத்து சார் காலைக் கீழே வைத்தார். மறுபடி தூக்கிக்கொண்டார்.

உள்ளே பூசியிருந்த கரி பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து நெருப்பில் விழுந்தது. விழுந்ததும் புகை நூலுமில்லை, பட்டையுமில்லை. மூட்டை அவிழ்ந்த மாதிரி வந்தது. சமையலறை ஃபேன் அதை வாவென்று உள்ளே இழுத்தது. முத்து சார் எழுந்தார். இதற்கென்றே பிறந்தவர் எழுந்துவிட்டார் என்று சண்முகராஜுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. அவர் கம்பீரமாகக் கணப்பின் அருகில் போய், புகைபோக்கியில் இருக்கும் மூடியைத் திறக்க வேண்டும் என்று சொல்லி, இல்லாத ஒரு கைப்பிடியைத் தன் குடைக் காம்பால் தேடினார். குத்தக் குத்த மீதிக் கரியும் அவர் தலையில் இறங்கியது. அத்தோடு கரண்ட் போனது. படிக்கு அடியில் இணைப்பில்லாமல் கிடந்த இன்வர்ட்டர் சும்மா கிடந்தது. அடைத்த ஹாலில் இருட்டும் புகையும் ஒன்றானது. இருமல்களுக்கு நடுவில் குன்னூர்க் கோட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே வினோத்து, கதவத் தொறலே! செத்துப்போவோம்லே!"

அது குன்னூர்க் குரல் இல்லை, தேனிக்குப் பக்கத்துக் கோம்பையின் சுத்தமான குரல். சண்முகராஜ் அந்த நிலையிலும் திரும்பிப் பார்த்தார். ஆள் தெரியவில்லை.

ராக்கையா ஒரு குடம் தண்ணீரைக் கணப்புக்குள் வீச, வினோத்ராஜ் சாக்கை உதைத்துக் கதவைத் திறக்க, எல்லாரும் கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடி வந்து நின்றார்கள். யார் முகம் யாருடையது என்று உடுப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. முத்துமாரியம்மாள் கரண்டியோடு வந்து பார்த்து, வடையைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், வடை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். வினோத்ராஜும் ஓவியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கத் தூறலுக்குள் போய் நின்றுகொண்டார்கள். சண்முகராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்து சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, கரியை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, "நான் ஒரு தடவை பாத்துடுறேன்" என்று சொல்லி உள்ளே போனார். சண்முகராஜ் பின்னால் போனார்.

புகை வடிந்திருந்தது. ராக்கையா வீசிய தண்ணீர் சாம்பலை அரித்துக்கொண்டு போய், கணப்பின் தரை பளிச்சென்று தெரிந்தது: கறுத்த கடப்பாக் கல்லில் நீளச் சதுரமாக ஒரு வெள்ளைத் திட்டு, நான்கு மூலையிலும் துருப்பிடித்த சக்கரத் தடம். உள்சுவரில் கரி போன இடமெல்லாம் தந்த நிறப் பெயின்ட் சிரித்தது. முத்து சார் குனிந்தார். விரலால் சுவரைத் தொட்டார். விரலை முகர்ந்தார். ஓர் எறும்பு விரலில் ஏறி நடந்தது, அதைப் பார்த்தார். பிறகு அந்த வெள்ளைத் திட்டை வெகுநேரம் பார்த்தார்.

முடிந்தது என்று சண்முகராஜுக்குத் தோன்றியது. ஓவியாவிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடினார்.

முத்து சார் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார். "டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறப்ப சிந்தாமப் பாத்துக்கங்க. கல்லு போயிரும்."

அவ்வளவுதான் சொன்னார். வெளியே வந்து வடை சாப்பிட்டார். கிளம்பும்போது கை கொடுத்தார். கல்யாணத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு வந்த நாட்கள் சண்முகராஜுக்கு நரகம். தெரிந்துவிட்டது, எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் கல்லாவில் உட்கார்ந்தும் கட்டிலில் படுத்தும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏளனமா, எச்சரிக்கையா, இல்லை நல்லெண்ணமா என்று பிடிபடவில்லை. முறைப்படி பெண்வீட்டார் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். எப்போது வரலாம் என்று கேட்டால், மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த தடவை, மூடுபனி, கார் ஓட்ட முடியாது. அதற்கடுத்த தடவை, வீட்டில் பெயின்ட் வேலை. தட்டிக்கழிக்கிறார்கள் என்று முத்துமாரியம்மாளே சொல்லிவிட்டாள். ஓவியா மட்டும் ஏனோ அமைதியாக இருந்தாள். கேட்டால், பொறுங்கப்பா என்றாள்.

மார்கழிக் கடைசியில் முத்து சாரே கூப்பிட்டார். தையில் நாள் பார்த்தாகிவிட்டது என்றார். வீடு பார்ப்பதெல்லாம் பழைய பழக்கம், இந்தக் காலத்தில் அதெல்லாம் வேண்டாம், நேரே மண்டபத்தில் சந்திப்போம் என்றார். சண்முகராஜ் போனை வைத்துவிட்டு, பிரஷர் மாத்திரை போட்டோமா என்பதையே மறந்து தூங்கினார்.

கல்யாணம் தேனியில் நடந்தது. அது முடிவதற்குள் சண்முகராஜ் பழைய சண்முகராஜ் ஆகிவிட்டார். சிம்னியைச் சீசனுக்கு ஒருமுறை சங்கிலி விட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் புகை திரும்பும் என்று பந்தியில் மூன்று பேருக்கு விளக்கினார். ராக்கையா இன்னொரு பந்தியில் அதையே விளக்கிக்கொண்டிருந்தார்.

சீர்வரிசையோடு பெண்ணைக் குன்னூரில் கொண்டுவிடும்போதுதான் அவர் அந்த வீட்டை முதலில் பார்த்தார். கதவைத் திறந்த முத்து சாருக்கு முகம் ஒரு மாதிரி இருந்தது. சம்பந்திகளை வாசலிலேயே நிறுத்தி வானிலையைப் பற்றி நிறையப் பேசினார். ஹாலில் பழைய காலத்துக் கணப்பு இருந்தது. பூப்போட்ட வெள்ளைக்காரன் ஓடு பதித்து, அசல் தேக்கில் சட்டம் போட்டு. முன்னால் ஒரு திரை தொங்கியது. பார்த்தே தீருவேன் என்கிற நிபுணரின் நடையில் சண்முகராஜ் போய், குனிந்து, திரையை விலக்கினார்.

உள்ளே இன்வர்ட்டர் இருந்தது. இரட்டை பேட்டரி.